சுழலும் இடமும் சாயும் இடமும்: ஒரு மொறிஸ் மைனரின் புஷ்கள்

களனிவெளிப் புகையிரதப் பாதையை நாரஹேன்பிட்டியில் கடக்கும்போதெல்லாம் எங்கள் மொறிஸ் மைனரின் முன் இடது சில்லுப் பக்கத்திலிருந்து 'டொக்' என்று ஒரேயொரு சத்தம் எழும். அப்பா அதைக் காரின் இருமல் என்று சொல்லிச் சிரிப்பார். வயதானவர்களுக்கு இருமல் இருக்கத்தானே செய்யும் என்பது அவருடைய சமாதானம். 2016ஆம் ஆண்டு அவருடைய மறைவுக்குப் பின் கார் என் பொறுப்புக்கு வந்தபோது, அந்த இருமலுக்கு மருந்து தேடப் புறப்பட்ட நான், இரும்புப் பாகங்கள் அசைந்து சேரும் இடங்களில் நடுவே செருகப்படும் புஷ் என்ற உறைகளை மூன்று முறை மாற்றி, முன் சஸ்பென்ஷனில் ஓர் இரும்புத் தண்டு முறிந்துவிடும் நிலைவரை போன பிறகுதான், எந்த இடத்துக்கு எந்தப் பொருளாலான புஷ் பொருந்தும் என்பதை ஓரளவு விளங்கிக்கொண்டேன். அந்த விளக்கத்துக்கு நான் கொடுத்த விலையை இன்னொருவரும் கொடுக்க வேண்டியதில்லை என்பதால் நடந்தவற்றை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்களுடையது 1964ஆம் ஆண்டுத் தயாரிப்பு, 1098 சிசி எஞ்சின். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் கார், கொழும்பில் பல தசாப்தங்கள் டாக்சியாகவும் வைத்தியர்களின் வாகனமாகவும் ஓடியது. இங்கிலாந்திலுள்ள மைனர்களுக்கே இலங்கையில் உதிரிப்பாகம் செய்து அனுப்பிய காலமும் ஒன்று இருந்தது. பின்புறத்தில் சாதாரணத் தகட்டு ஸ்பிறிங்தான். முன்புறத்தில் சுருள் ஸ்பிறிங் கிடையாது. சஸியின் நீளவாக்கில் கிடக்கும் டோர்ஷன் பார் என்ற உருக்குத் தண்டு முறுகி நிமிர்வதே ஸ்பிறிங்கின் வேலையைச் செய்கிறது. முன்பக்கத்தில் ஒவ்வொரு சில்லுக்கும் மூன்று இடங்களில் இறப்பர் புஷ் உண்டு: மேலே, லீவர் வகை சொக் அப்சோபரின் கை, மேல் ட்ரனியனோடு (சில்லைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் மேல் மூட்டு) சேரும் இடம், கீழே, சில்லைத் தாங்கும் கீழ்க் கையின் உட்புற முனை ஐ-போல்ட் என்ற வளைய முனைப் போல்ட்டின் துளைக்குள் அச்சாணியில் சுழலும் இடம், மூன்றாவது, கீழ்க் கை முன்னும் பின்னும் ஓடாதபடி இழுத்துப் பிடிக்கும் டை பார் சஸியில் மாட்டப்படும் இடம். பின்பக்கத்தில், தகட்டு ஸ்பிறிங்கின் ஒரு முனையைச் சஸியோடு இணைக்கும் ஷக்கிள் என்ற ஆடும் இணைப்பின் புஷ்களும் ஸ்பிறிங் முனைப் புஷ்களும், ஸ்பிறிங்குக்கும் அச்சுக்கும் நடுவே இறப்பர்த் தட்டுகளும் இருக்கின்றன. எங்கள் காரின் 'டொக்', ஐ-போல்ட்டின் இறப்பர் தேய்ந்து முடிந்து, இரும்போடு இரும்பு மோதிய சத்தம்.

முதல் முறை எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய், 'மைனருக்கு முழு புஷ் செட்' என்று கேட்டு, ஒரு பொலித்தீன் பையில் போட்டுத் தந்ததை வாங்கிவந்து, வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு கராஜில் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினேன். கார் இரண்டு வாரத்துக்குப் புதுக் கார்போல ஓடியது. ஒன்பதாவது மாதம் இருமல் திரும்பி வந்துவிட்டது. இந்த முறை இரண்டு பக்கத்திலும்.

கழற்றிய புஷ்களை எடுத்துக்கொண்டு, கையுறைத் தொழிற்சாலையொன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்யும் நண்பனிடம் போனேன். இறப்பரின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் காட்டும் சிறிய கைக்கருவியை அவன் ஒவ்வொன்றின் மீதும் அழுத்தினான். இத்தகைய கார்களின் இறப்பர் புஷ் சுமார் 55 முதல் 65 வரை இருக்கவேண்டியது. ஒரே பையில் வந்த எனது புஷ்களிலோ ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் 15 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தது. இடது பக்கம் மென்மையாகவும் வலது பக்கம் கடினமாகவும் இருந்தால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்காமல் என்ன செய்யும்? ஸ்டியரிங்கைக் குறை சொல்லிக்கொண்டு நான் செலவழித்த பணத்தை நினைத்துப் பார்த்தேன்.

ஆனால் நண்பன் காட்டிய இன்னொன்றுதான் என்னை உறுத்தியது. வெடிப்புகள் புஷ்ஷைச் சுற்றிலும் சமமாக இருக்கவில்லை. ஒரே திசையில், துணியைப் பிழிந்ததுபோல, சாய்வாகக் கிழிந்திருந்தன. "இது வயதால் வெடித்ததில்லை, ஆரோ முறுக்கிவிட்டிருக்கினம்" என்றான் அவன். அந்த ஆரோ யார் என்பதை ஆமர் வீதிப் பக்கம் ஒரு பின்முடுக்கில் கராஜ் வைத்திருக்கும், எல்லோரும் பாஸ் என்று அழைக்கும் மெக்கானிக்தான் சொன்னார். ஹட்டன் பக்கத்தவர், எழுபதை நெருங்கியவர், இளம் வயதில் மைனர் டாக்சிகளிலேயே வேலை பழகியவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, நட்டு இறுக்கும்போது சில்லு தரையில இருந்திச்சா, தொங்கிக்கிட்டு இருந்திச்சா?" என்பதே.

சில்லு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஜக்கில் தூக்கி வைத்துத்தானே வேலை செய்கிறோம்!

இறப்பர் புஷ் எப்படி வேலை செய்கிறது என்பதை அன்றுவரை நான் தலைகீழாகவே விளங்கிவைத்திருந்தேன். இறப்பருக்குள் அச்சாணி சுற்றுவதில்லை. நட்டை இறுக்கியதும் இறப்பரின் உட்புறம் அச்சாணியையும் வெளிப்புறம் துளையையும் கவ்விக்கொள்ளும்; சில்லு மேலும் கீழும் போகும்போது நடுவிலுள்ள இறப்பர் தான் முறுகிக்கொடுத்துத் திரும்பவும் பழைய நிலைக்கு வரும். அதனாலேயே அதற்கு எண்ணெயோ கிறீஸோ வேண்டியதில்லை. ஆனால் நட்டு இறுகும் அந்தக் கணத்தில் சில்லு எந்த உயரத்தில் இருந்ததோ, அந்த உயரமே இறப்பரின் ஓய்வு நிலையாகிவிடுகிறது. தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டுக் காரைத் தரையில் இறக்கினால், கார் சும்மா நிற்கும்போதே இறப்பர் பாதி முறுகிய நிலையில் நிற்கும்; அதற்குமேல் ஒரு குழியில் விழுந்தால் தாங்கும் எல்லையைக் கடந்து கிழியும். இரவு முழுவதும் வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும் காரின் புஷ்ஷும் ஓய்வெடுப்பதில்லை.

இதற்கு பாஸ் செய்யும் வேலை எளிமையானது. எல்லாவற்றையும் மாட்டி, நட்டுகளைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் விட்டு, காரை இறக்கி, ஒரு பத்தடி முன்னும் பின்னும் தள்ளி, முன் பம்பரில் இரண்டு மூன்று முறை அழுத்தி ஆட்டி, அது தன் உயரத்துக்கு வந்து நின்ற பிறகு, காரின் அடியில் நின்று வேலை செய்யும் குழியான பிட்டுக்குள் இறங்கி இறுக்குவார். ஓட்டுநர் இருக்கையில் என்னை உட்காரச் சொல்வார், ஏனென்றால் பெரும்பாலான நாட்களில் நான் தனியாகத்தான் ஓட்டுகிறேன். பிட் இல்லாத கராஜில் நான்கு சில்லுகளுக்கும் கீழே ஒரே உயரமான பலகைக் கட்டைகளை வைத்துச் செய்யலாம். வேறொன்றும் நினைவில் நிற்காவிட்டாலும் இதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். விலை உயர்ந்த புஷ்ஷைத் தவறாக இறுக்குவதைவிட மலிந்ததைச் சரியாக இறுக்குவது அதிக காலம் உழைக்கிறது.

இறப்பருக்கு இன்னொரு எதிரி நம் ஊர் சேர்விஸ் நிலையத்தில் இருக்கிறது. அடிப்பாகத்தைக் கழுவியதும், துருப்பிடிக்காமலிருக்க டீசலும் கழிவு எண்ணெயும் கலந்து விசிறும் வழக்கம் இங்கு பல இடங்களில் உண்டு. சஸிக்கு அது நல்லதாகவே இருக்கலாம், ஆனால் இயற்கை இறப்பர் கனிய எண்ணெயைக் குடித்து ஊதிப் பஞ்சாகிவிடும். அப்பா மாதம் தவறாமல் அதைச் செய்வித்தார், உபசாரம் என்று நினைத்து. இப்போது அடிப்பாகம் கழுவும்போது 'எண்ணெய் அடிக்கவேண்டாம்' என்று சொல்லிவிட்டு, சொன்னதை நம்பாமல் பக்கத்திலேயே நிற்கிறேன். இதே காரணத்தால், புஷ் துளைக்குள் போக மறுத்தால் கிறீஸ் பூசுவதும் தவறு. சவர்க்காரத் தண்ணீர் போதும், அல்லது பிரேக் பாகங்களுக்கென விற்கப்படும் சிவப்பு இறப்பர்க் கிறீஸ். சொக் அப்சோபர் கசிந்தால் அதை முதலில் திருத்தவேண்டும். எங்கள் இடது பக்க ஐ-போல்ட் புஷ் முதலில் போனதற்கு, மேலிருந்து வடிந்த அந்த எண்ணெயும் ஒரு காரணம்.

இதற்கிடையில் ஓர் அன்பர், பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய கடை மூடப்பட்டபோது கிடைத்ததென்று, கடதாசிப் பெட்டி கலையாத இங்கிலாந்துத் தயாரிப்பு இறப்பர் புஷ்களை எனக்குப் பெருமையோடு தந்தார். ஒரிஜினல் என்ற சொல்லுக்கு நம்மவர்களிடையே இருக்கும் மதிப்பு தனி. கியர்ச் சக்கரமோ கதவுக் கைப்பிடியோ என்றால் நானும் கண்ணில் ஒற்றி வாங்கியிருப்பேன். ஆனால் இறப்பர் பெட்டிக்குள்ளும் மூப்படைகிறது. காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் நம் ஊர் வெப்பமும் பெட்டியைப் பார்த்து விலகிப்போவதில்லை. இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தேன். மயிரிழை வெடிப்புகள் வாய் திறந்தன. அந்தப் பெட்டி இன்றும் என் மேசையில் அழகாக இருக்கிறது.

இறப்பருக்குப் பதிலாகப் புஷ் செய்யப் பயன்படும், அதைவிடக் கடினமான செயற்கைப் பொருளான பொலியூரித்தேனுக்கு நான் வந்தது 2018இல். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர் ஒரு முழுத் தொகுதியைக் கொண்டுவந்து தந்தார்; ஒவ்வொரு புஷ்ஷும் பளபளவென்று, கடினம் எல்லாவற்றிலும் ஒன்றாக, உருக்கு உள்ளுறையோடும் சிறிய கிறீஸ் பையோடும் வந்தது. எண்ணெய்க்கு அஞ்சாது, இறப்பரைவிடப் பல மடங்கு உழைக்கும் என்று பெட்டியில் எழுதியிருந்ததை நம்பி, முன்னும் பின்னும் ஓர் இடம் விடாமல் அதையே போடச் சொன்னேன். பாஸ் தயங்கினார். "றப்பர் முறுக்கிக்கும் தம்பி. இது முறுக்கிக்காது, வழுக்கணும். வழுக்க எடம் இல்லாத எடத்துல இத என்னா செய்றது?" என்றார். எனக்கு அந்தக் கேள்வியின் கனம் அப்போது தெரியவில்லை. கையில் லண்டன் பெட்டி இருந்தது.

முதல் நாள் காலி வீதியில் ஓட்டியபோது, ஸ்டியரிங் இப்படியும் பேசுமா என்று வியந்தேன். திருப்பிய உடனே திரும்பியது. பிரேக்கில் முன்பக்கம் அலைபாயவில்லை. மூன்றாவது வாரம் பின் ஷக்கிள்கள் கிறீச்சிடத் தொடங்கின. நான்காவது மாதம், வழக்கமான பரிசோதனைக்குப் பிட்டில் ஏற்றியபோது, டை பாரின் முன் முனையில், மரை தொடங்கும் இடத்தில், பாஸின் நகம் ஒரு கோட்டில் சிக்கியது. துடைத்துப் பார்த்தோம். வெடிப்பு.

டை பார் முறிந்தால் கீழ்க் கையின் முனை சில்லோடு பின்னால் போய்விடும். அப்படியொரு நிலையில் கடலோரமாக மரைன் டிரைவில் மனைவியையும் மகனையும் ஏற்றிக்கொண்டு நான் எத்தனை மாலைகள் போய்வந்தேன் என்று எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

பாஸ் மூலையில் கிடந்த தன் குடையை எடுத்து, அதன் நுனியை என் கைப்பிடிக்குள் நுழைத்து, மெதுவாகப் பிடிக்கச் சொல்லி, கைப்பிடியுள்ள மறுமுனையை மேலும் கீழும் ஆட்டினார். குடை என் கைக்குள் இலகுவாகச் சாய்ந்து கொடுத்தது. "இப்ப இறுக்கிப் பிடிங்க" என்று மறுபடி ஆட்டினார். என் கை அசையவில்லை, குடைக்கம்பி வளைந்தது. டை பாரின் முன் முனையில் நடப்பது இதுதான். கீழ்க் கை ஐ-போல்ட்டைச் சுற்றி வட்டமாக ஏறி இறங்குகிறது. அதில் பூட்டப்பட்ட டை பாரின் பின்முனையும் கூடவே ஏறி இறங்குகிறது. ஆகவே முன்முனை ஒவ்வொரு குழிக்கும் சாய்ந்தே ஆகவேண்டும். அந்த இடத்திலுள்ள இரண்டு இறப்பர்களும் தாங்கிகளாக மட்டும் இல்லை, எல்லாப் பக்கமும் சாயவிடும் ஒரு மூட்டாகவும் இருக்கின்றன. இறப்பரைவிட மிகவும் கடினமான பொருளை அங்கே வைத்து இறுக்கியதும் மூட்டு மூடிக்கொண்டது, சாய்வு முழுவதையும் தண்டே வளைந்து வாங்கிக்கொண்டது. திரும்பத் திரும்ப வளைந்த இரும்பு, பலவீனமான மரைப் பள்ளத்தில் வெடித்தது. பொலியூரித்தேன் மீது பழியில்லை, அதை அங்கே போட்டவன் மீதே பழி.

அன்றிலிருந்து எந்தப் புஷ்ஷைப் பார்த்தாலும் 'எவ்வளவு கடினம்' என்று கேட்பதை விட்டு, 'இந்த இடம் எப்படி அசைகிறது' என்று முதலில் கேட்கிறேன். ஒரே அச்சில் சுழலும் இடமா, பல பக்கமும் சாயும் இடமா? சுழலும் இடத்தில், உள்ளுறையின் மேல் வழுக்க வசதியிருந்தால், பொலியூரித்தேன் சிறப்பாக வேலை செய்கிறது. சாயும் இடத்துக்கு இறப்பரை விட்டால் வேறு கதியில்லை. இப்போது எங்கள் காரில் டை பார் முனைகளிலும் மேல் ட்ரனியன்களிலும் அச்சின் மேலுள்ள தட்டுகளிலும் இறப்பர். ஐ-போல்ட்களிலும் பின் ஷக்கிள்களிலும் பொலியூரித்தேன். டை பார்கள் இரண்டையும், வெடிக்காததையும் சேர்த்தே, மாற்றினேன். ஸ்டியரிங்கின் கூர்மையில் பெரும்பகுதி ஐ-போல்ட்டிலிருந்தே வந்திருக்கிறது என்பதும் அப்போது தெரிந்தது, டை பாருக்கு இறப்பர் திரும்பிய பிறகும் அது அவ்வளவாகக் குறையவில்லை.

பொலியூரித்தேன் வாங்குவோருக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஜெர்மனியில் ஒட்டோ பேயர் குழுவினர் 1937இல் கண்டுபிடித்த இந்தப் பொருளில், அடிப்படை இரசாயனத்தைப் பொறுத்து ஈதர் வகை, எஸ்டர் வகை என்று இரண்டு உண்டு. எஸ்டர் வகை எண்ணெயையும் உராய்வையும் நன்றாகத் தாங்கும், ஆனால் சூடான ஈரத்தில் நீர் அதன் பிணைப்புகளையே அறுத்து, சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உதிரச் செய்துவிடும். குளிர் நாட்டில் இது பெரிய குறையாகத் தோன்றாமலிருக்கலாம். இரண்டு பருவமழையும் எந்நேரமும் புழுக்கமும் உள்ள கொழும்புக்கு ஈதர் வகைதான் ஏற்றது. விற்பவரிடம் கேளுங்கள், தெரியாதென்றால் வாங்காதீர்கள்.

மற்றது, பொலி கேட்டால் போலி கிடைப்பது. சிவப்புச் சாயம் கலந்த சாதாரண இறப்பரை 'பொலி' என்று சொல்லி இரண்டு மடங்கு விலைக்குத் தந்தார் ஒருவர். ஐயம் வந்து, அதன் விளிம்பில் ஒரு சீவலையும் லண்டன் தொகுதியில் மிஞ்சிய ஒன்றின் சீவலையும் வெட்டி, வெறும் ஜாம் போத்தலில் பெற்றோல் ஊற்றி இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் சிவப்புச் சீவல் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக ஊதி, விரலால் அழுத்தினால் பிய்ந்தது. மற்றது சற்றே பருத்திருந்தாலும் தன் உருவத்தில் கிடந்தது. சமையலறை அடுப்பிலிருந்து வெகு தூரத்தில், மூடி இறுக்கி, செய்யவேண்டிய வேலை இது. மூடியைத் திறந்தபோது வீட்டில் நான் வாங்கிய ஏச்சு வேறு.

லேத்தில் கடைந்து தருவதாகச் சொல்பவர்களும் உண்டு. அவர்களுடைய கைத்திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை, கையில் கிடைக்கும் பொருளில்தான் சந்தேகம். நைலோன் ஈரத்தைக் குடிக்கும். நைலோன் 6 நீரில் முழுதாக ஊறினால் தன் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம்வரை ஏற்றுப் பருக்கும், கோடையில் அளவாகக் கடைந்த புஷ் மழைக்காலத்தில் அச்சாணியைப் பிடித்துக்கொள்ளும். டெஃப்லோன் வழுக்கும், ஆனால் நிலையான பாரத்தின் கீழ் மெதுவாகப் பிதுங்கி மெலியும். டெல்ரின் என்று அறியப்படும் அசிட்டல் இரண்டையும்விட மேல், ஈரத்தை மிகக் குறைவாகவே ஏற்கும். ஆனாலும் அது பந்தயக் காருக்குரிய விறைப்பு, வீதியிலுள்ள ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புக்கு வந்துசேரும்.

இறப்பரைப் பற்றி இவ்வளவு அலைந்த பிறகு ஒன்று மட்டும் எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளிலிருந்து முளைத்த கன்றுகளை 1876இல் ஹெனரத்கொட பூங்காவில் நட்ட நாடு இது. களுத்துறையிலும் கேகாலையிலும் இன்றும் பால் வடிக்கிறார்கள். ஆயினும் ஒரு நல்ல இறப்பர் புஷ்ஷுக்காக நான் லண்டனிலிருந்து வருபவர்களின் பயணப்பொதியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் டை பாருக்கான இறப்பரை, நண்பன் கைகாட்டிய ஒரு சிறிய வார்ப்புப் பட்டறையில், பழைய அளவைக் கொடுத்து, 60 ஷோர் கடினத்தில் செய்வித்தேன். ஐந்து ஆண்டுக்கு மேலாகிறது. 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் கார் மாதக்கணக்கில் அசையாமல் நின்றதையும் அது தாங்கிவிட்டது.

பின் ஷக்கிள்களின் கிறீச்சைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: சாதாரணக் கிறீஸ் முதல் அடைமழையிலேயே கழுவுண்டு போகிறது. தொகுதியோடு வரும் ஒட்டும் தன்மையுள்ள சிலிக்கோன் கிறீஸையே உள்ளுறையின் வெளிப்புறம் முழுவதும் பூசவேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் புதுப்பிக்கவேண்டும். கடற்காற்றுப் படும் வெள்ளவத்தையில் உள்ளுறைக்கும் போல்ட்டுக்கும் நடுவே துரு ஏறிப் பூட்டிக்கொள்ளும். அங்கே மட்டும் செப்புக் கிறீஸ். வீட்டிலேயே முன்பக்க வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு இன்னொன்று: டோர்ஷன் பார் எந்நேரமும் முறுக்கேறியே நிற்கிறது. கீழ்க் கையின் அடியில் ஜக்கை வைத்து, சிறிது சிறிதாக இறக்கி, முறுக்குத் தளர்ந்த பிறகே எதையும் கழற்றலாம். சஸியைத் தனியாக ஸ்டாண்டில் நிறுத்தாமல் இதைத் தொடவே கூடாது. நான் இதைச் செய்வதில்லை, பாஸிடம் விட்டுவிடுகிறேன்.

மேல் ட்ரனியன் இறப்பர்களுக்கு இப்போது முறை வந்திருக்கிறது. அதே பட்டறையில் செய்வித்த நான்கும், நண்பனின் கருவியில் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, கறுப்புப் பொலித்தீனில் சுற்றி, வெயில் படாமல் அலுமாரியின் அடித்தட்டில் இருக்கின்றன. பாஸைக் கேட்டேன், தீபாவளிக்கு ஹட்டனுக்குப் போய்வந்த பிறகு பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்.